மேற்கு மூலைச் சத்தம்

உருளுவது என் பைதான் சார். நீங்கள் மேலே மேலே பார்ப்பதைக் கவனித்தேன். எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். சத்தம் பொறுக்காத ஆள் என்று ஊரில் எனக்குப் பேர். அப்படிப்பட்டவன் பையே பஸ்ஸில் கடகடவென்று உருண்டால் நன்றாகவா இருக்கும்.

மதுரையா? நான் இராஜபாளையத்தில் இறங்குகிறேன். கல்யாண மண்டபம். கல்யாணத்துக்குப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மண்டப வாசலில் இந்தப் பையை யாரிடமாவது கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவேன். உள்ளே கால் வைக்க மாட்டேன். பெண் என் தம்பி மகள்தான். நாளைக் காலையில் முகூர்த்தம். எங்கள் வகையறாவில் மாப்பிள்ளை கையில் தாலியை எடுத்துக் கொடுப்பது பெண்ணுடைய பெரியப்பா. பெரியப்பா இல்லாத வீட்டில்தான் வேறு கை தேடுவார்கள். நாளைக்கு நான் குத்துக்கல்லாக உயிரோடு இருக்கும்போதே வேறு கை எடுத்துக் கொடுக்கட்டும். அதையும் பார்த்துவிடலாம்.

அந்த இன்னொரு பையில் பட்டு வேட்டி இருக்கிறது. சும்மா இருக்கட்டும் என்று வைத்தேன்.

எதற்கு இத்தனை வீம்பு என்று உங்கள் முகம் கேட்கிறது. ஒரு சத்தம் சார். எல்லாம் ஒரு சத்தத்தால் வந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சத்தம் பொறுக்காதவன் இல்லை. எனக்கு மாவு மில். தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரம். என் பெயர் குத்தாலிங்கம், மில்லுக்கும் அதே பெயர். மீசை முளைத்த நாள் முதல் இரைச்சலில் நின்று, இரைச்சலில் சாப்பிட்டு, இரைச்சலில் பகல் தூக்கம் தூங்கினவன். எதிர்வீட்டு வாத்தியார் ஒருமுறை வந்தார். மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள், சாயங்காலம் மட்டும் கொஞ்சம் நிறுத்தக்கூடாதா என்று கேட்டார். சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்றேன். அது தொழில் சத்தம். எங்கிருந்து வருகிறது, எதற்கு வருகிறது என்று தெரிந்துவிட்டால் அது சத்தமே இல்லை. தெரியாமல் வருகிறதே, அதுதான் ஆளைத் தின்னும்.

எங்கள் வீடு ஒரே மனை. அப்பா அதை இரண்டாக்கிக் கொடுத்தார். கிழக்குப் பாதி எனக்கு. மேற்குப் பாதி தம்பி ஐயாத்துரைக்கு. நடுவில் ஒரு பொதுச் சுவர். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். அப்படி இருந்த வீடு. போன சித்திரையில் என் பாதிக்கு மட்டும் முகப்பை மாற்றினேன். கல் ஓடு பதித்துப் பெயின்ட் அடித்து, பார்க்கிறவன் நின்று பார்க்கிற மாதிரி. மாடி எடுக்கவில்லை. என்றைக்காவது ஓசூரிலிருந்து மகன் வந்து இருந்தால் எடுக்கலாம் என்று மொட்டை மாடியில் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருக்கிறேன். மகன் வரவில்லை. கம்பிகள் நிற்கின்றன.

தம்பி பெண்டாட்டி வடிவு தெருவில் நின்று, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். "அம்சமா இருக்கு அத்தான், கண்ணு கூசுது" என்றாள். சொன்ன அதே வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. "பாசி படிஞ்சி கெடக்கு, தேச்சி விடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்" என்றாள் என் மனைவி உலகம்மாள். அவள் எப்போதும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிகிற காரணத்தோடு நின்றுவிடுவாள்.

வடிவு கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சி கொண்டுவருபவள் அவள்தான். ஆனால் கண் என்பது மனசைக் கேட்டுக்கொண்டா படும்?

கோயில் வாசல் கடைக்குப் போனேன். ஆகாச கருடன் கிழங்கு, படிகாரம், நல்ல கனத்த சங்கு ஒன்று, கறுப்புக் கயிறு. கடைக்காரன் நிலைவாசலில் கட்டச் சொன்னான். நிலைவாசலில் கட்டினால் தெருவில் போகிறவன் கண்ணுக்குத்தான் ஆகும். எனக்கு ஆக வேண்டியது மேற்குத் திசைக்கு. மொட்டை மாடிக்குப் போய், மேற்கு மூலைத் தூணின் கம்பியில், தம்பி வீட்டு முற்றத்தைப் பார்க்கிற மாதிரி தொங்கவிட்டேன். ஆளுக்கும் தெரியாது, வேலையும் நடக்கும்.

வைகாசி முழுவதும் ஒரு தொந்தரவு இல்லை. கால் சரியாயிற்று. மில்லில் வேலை குவிந்தது. கட்டினது வேலை செய்கிறது என்று உலகம்மாளிடம் சொன்னேன்.

ஆனி பாதியில் சாரல் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் சாரல் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து வரும். கொடியில் வேட்டி நிற்காது, குடை நிற்காது. அந்த மாதிரி ஒரு நாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறேன். டக். கண்ணைத் திறந்தேன். ஒன்றுமில்லை. மூடினேன். டக், டக்டக். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. போய்விட்டது என்று நினைக்கிற நேரத்தில் மறுபடி ஒரு டக்.

ஒரே சீராக வந்தால் பழகிவிடலாம் சார். மில் சத்தம் சீரானது. இது அப்படி இல்லை. ஒருவன் வேண்டுமென்றே காத்திருந்து, நான் கண் மூடுவதைப் பார்த்துத் தட்டுகிற மாதிரி. காதை வைத்துப் பார்த்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எந்தச் சுவர்? மேற்குச் சுவர்.

நான் எடுத்த எடுப்பில் யாரையும் சந்தேகப்படவில்லை. மில்லில் புதுச் சத்தம் ஒன்று வந்தால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்போம். பெல்ட்டைக் கழற்றிப் பார்ப்போம். எதை நிறுத்தினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. வீட்டிலும் அப்படித்தான் செய்தேன். ஃபிரிட்ஜை அணைத்தேன், பால் திரிந்தது. மின்விசிறியை நிறுத்தினேன், கடிகாரத்து பாட்டரியைப் பிடுங்கினேன், தண்ணீர் மோட்டார், குழாய், சாமி அறை விளக்கு மேலே தொங்குகிற மணி. மொட்டை மாடிக்கும் போனேன். தொட்டி மூடியை அழுத்திப் பார்த்தேன், தகரத்துக்குக் கல் வைத்தேன். காற்று ஆளைத் தள்ளுகிறது, அங்கே நின்றால் எந்தச் சத்தமும் காதில் விழாது. என் கயிறு மட்டும் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, விழிப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

"காத்துக்கு எதாது ஆடும். விடுங்களேன்" என்றாள் உலகம்மாள்.

"காத்துக்குச் சன்னல் ஆடும். சுவர் ஆடுமா?"

"எனக்கும்தான் கேக்குது. நான் செத்தா போயிட்டேன்?"

பார்த்தீர்களா. அவளுக்கும் கேட்டது. என் காதில் கோளாறு என்று பின்னால் பேசினார்களே, அவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தியலை எடுத்து வீட்டுக்குள் மேற்கு மூலைத் தூணில் பூச்சை உடைத்தேன். ஒரு தலையணை அகலத்துக்கு. உள்ளே ஜல்லி இருந்தது, கம்பி இருந்தது. கம்பியில் கையை வைத்தேன். டக். கை அதிர்ந்தது சார். விரலில் ஏறி முழங்கைக்கு வந்தது. பொய் சொல்லவில்லை. அந்தக் கம்பி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அந்தத் தூணுக்கு அந்தப் பக்கம் என்ன? ஐயாத்துரையின் பட்டாசாலை, அவர்கள் உட்கார்ந்து பேசுகிற கூடம். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

போனேன். அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் கிளார்க், ஞாயிற்றுக்கிழமை நகர மாட்டான்.

"ஐயாத்துரை, சுவத்துல என்ன தட்டுத?"

"யாருண்ணே தட்டுதா? நாங்களும் கேட்டுட்டுத்தான் இருக்கோம். ஒங்க பக்கமிருந்துல்லா வருது. மில்லுச் சாமான் எதையாச்சும் வீட்டுல வச்சி ரிப்பேர் பாக்கியோன்னு நெனச்சோம்."

"என் வீட்டுலயிருந்தா?"

"ஆமா. வடிவுதான் சொன்னா, அத்தான் கிட்டக் கேக்க வேண்டாம், சங்கடப்படுவாகன்னு."

எப்படித் திருப்பிவிட்டான் பார்த்தீர்களா. உள்ளேயிருந்து நித்தி வந்தாள். நித்யகல்யாணி. கடையத்து அம்மன் பெயர். பெயர் வைத்தது நான்தான். சின்ன வயதில் மில்லே கதி என்று கிடப்பாள். மாவு படிந்து, புருவமெல்லாம் வெள்ளையாக, கிழவி மாதிரி நடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அவளுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"பெரியப்பா, எங்க வீட்டுல தட்டுததுக்கு இருக்கது எங்கப்பா மட்டுந்தான். அவுகளுக்கு ஆணியடிக்கவே தெரியாது. காலண்டர் மாட்டுததுக்கே ஒங்களைத்தான் கூப்புடுவாக" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்குச் சிரித்திருக்கலாமோ என்று அப்புறம் யோசித்திருக்கிறேன். நான் யோசிக்காதவன் இல்லை. ஆனால் சிரித்துவிட்டால் கேட்டது இல்லை என்று ஆகிவிடும். தூணை உடைத்தவன் பைத்தியக்காரன் ஆகிவிடுவான்.

இது எந்த ஊர்? வாசுதேவநல்லூரா. பரவாயில்லை, நேரம் இருக்கிறது.

என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். என் கயிறு மேலே நிற்கிறது. அது அவர்கள் கண்ணைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட கண் சும்மா இருக்குமா? வேறு வழியில் வருகிறது. அப்படியென்றால் காவல் போதவில்லை. மறுபடி கோயில் வாசல் கடைக்குப் போனேன். இன்னொரு சங்கு வாங்கினேன், முன்னதைவிடப் பெரியது. மாட்டு லாடம் வைத்திருந்தான், நல்ல இரும்பு. வீரியம் இதுக்குத்தான் சார் என்றான். அதையும் வாங்கினேன். எல்லாவற்றையும் அதே கயிற்றில், அதே கம்பியில் கட்டினேன்.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, மறுநாளிலிருந்து சத்தம் மாறிவிட்டது. டக், டக்டக், கூடவே ஒரு கிண். இரும்புச் சத்தம். இரட்டிப்பாகிவிட்டது. நான் காவலைக் கூட்டினதும் அந்தப் பக்கம் அவர்களும் கூட்டினார்கள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் கட்டினது அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. தெரியாமலே எப்படிப் பதில் வந்தது? இதை உலகம்மாளிடம் கேட்டேன். அவள், "ஒங்களுக்கு மில்லுல ஆளில்லாமப் போயிட்டு, அதான்" என்றாள். அது உண்மைதான். ஆடியில் அரைக்க யாரும் வரவில்லை. ஆனால் இதற்கும் அதற்கும் என்ன?

நானும் விடவில்லை. அவர்கள் தட்டுகிறபோதெல்லாம் சுத்தியலால் இந்தப் பக்கத்திலிருந்து நானும் தட்டினேன். ஒரு டக்குக்கு இரண்டு. கொஞ்ச நாளில் தம்பி வீட்டில் பட்டாசாலையில் உட்காருவதை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஆடிப் பதினெட்டு அன்று பத்திரிகை வைக்க வந்தார்கள். சாமிக்கு வைத்துவிட்டு, முதல் பத்திரிகை எனக்கு. அதுதான் முறை. ஐயாத்துரை வேட்டி சட்டையில், வடிவு தாம்பாளத்தோடு. வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம். பத்திரிகையில் முதல் பெயர் என் பெயர். உலகம்மாள் பாய் விரித்தாள், காப்பி போட்டாள். வடிவு உடைந்த தூணைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐயாத்துரை தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, போனது போகட்டும். தாலிய நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். நித்தி ஒத்தக் கால்ல நிக்கா. பெரியப்பா கைதான் வேணும்னு."

நான் கையை நீட்டப் போனேன் சார். சத்தியமாக நீட்டப் போனேன். பாதி தூரம் போயிருக்கும். டக். டக்டக். கிண்.

அந்தத் தூணிலிருந்து. நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். எல்லோருக்கும் கேட்டது.

ஐயாத்துரை முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே, பாத்தியளா, நான் இங்கல்லா உக்காந்திருக்கேன். வடிவும் இங்க. நித்தி வேலைக்குப் போயிருக்கா. வீடு பூட்டிக் கெடக்கு. நாங்க இல்லண்ணே" என்றான். பாரம் இறங்கின மாதிரி சிரிக்கிறான்.

ஒரு நிமிஷம் எனக்கும் சந்தேகம் வந்தது. மறைக்கவில்லை. ஆனால் அவன் சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பு. ஏற்கெனவே தயாராக வைத்திருந்த சிரிப்பு மாதிரி பட்டது.

"ஆளை வச்சிட்டு வந்திருக்க" என்றேன்.

வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐயாத்துரை எழுந்தான். அவன் என்னிடம் எந்த நாளும் சத்தம் போட்டதில்லை, அன்றும் போடவில்லை.

"பத்திரிகையில ஒங்க பேரை எடுக்க மாட்டேன். எடுக்கவும் முடியாது, அச்சடிச்சாச்சி" என்றான். தாம்பாளத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். குங்குமத்தை உலகம்மாளே எடுத்து வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள். இந்தப் புதன்கிழமை தம்பி வீட்டாரோடு கல்யாண வேனில் ஏறிவிட்டாள். ஏறும்போது சொன்னதைக் கேளுங்கள். "தாலி எடுத்துக் குடுக்க வேண்டிய கையி. அந்தக் கையில சுத்தியல வச்சிக்கிட்டு நிக்கிய. நல்லா இருங்க."

நல்லா இருங்க என்று சொல்வதும் ஒரு விதம்தான்.

வேன் போயிற்று. நித்தி சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கையாட்டினாள். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவள் மட்டும் ஆட்டினாள். புருவத்தைச் சுருக்கி, அந்த மாவுக் கிழவி முகம் காட்டினாள். எனக்கு அது என்னமோ செய்துவிட்டது. நல்ல பிள்ளை சார். புது வீட்டுக்குப் போகிறது. எத்தனை கண் படும். சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனேன். மேற்கே ஆள் இல்லை. இனிமேல் யார் கண்ணுக்கு இந்தக் காவல்? இருக்கிற வீரியம் பிள்ளைக்காவது ஆகட்டும் என்று அவிழ்த்தேன். கிழங்கு அழுகி விழுந்துவிட்டது, படிகாரம் கரைந்துவிட்டது. சங்குகளும் லாடமும் மிச்சம். கழுவித் துடைத்து, என் மகன் கல்யாணத்துத் தாம்பூலப் பையில் போட்டேன், அழைப்பவர் என்று என் பெயரும் தம்பி பெயரும் சேர்த்து அச்சடித்தது. அந்தப் பைதான் இது. அவள் போகிற வீட்டில் கட்டச் சொல்லி வாசலில் கொடுத்துவிட்டால் என் கடமை முடிந்தது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் சத்தம் இல்லை. சுத்தமாக இல்லை. காற்று அதே காற்று. ஒரு டக் கிடையாது. அவர்கள் போனார்கள், சத்தம் போயிற்று. ஊரைக் கூட்டி இதைச் சொல்லலாம் என்று பார்த்தால் கேட்கிற ஆட்கள் எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். வேன் போன பிறகும் மத்தியானம் கொஞ்ச நேரம் கேட்டது, அது வாஸ்தவம். அது காதில் தங்கிப்போன சத்தம். மில்லை நிறுத்தின பிறகும் காதில் ஓடிக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி.

அமைதி வேண்டும் என்று கிடந்தவன் நான். வந்தது. பட்டாசாலையில் உட்கார்ந்தேன். தும்மல் கூட வரவில்லை. அந்தப் பக்கம் தாளிக்க ஆள் இல்லையே. எழுந்து மில்லுக்குப் போய் ஸ்விட்சைப் போட்டேன். அரைக்க ஒன்றும் இல்லை. கல்லை வெறுமனே ஓடவிடக் கூடாது சார், கல் கல்லைத் தின்னும், எங்கள் தொழிலில் அது பாவம். ஓடட்டும் என்று விட்டுவிட்டு நின்றேன். வெகுநேரம் நின்றேன்.

என்ன, நிறுத்திவிட்டான்? ரயில்வே கேட்டா. இந்த டிரைவர் எஞ்சினையும் அணைத்துவிட்டான். நல்லது, கொஞ்சம் காதுக்கு ஓய்வு. மடி வலிக்கிறது. இந்தப் பையை முன்சீட்டுக் கம்பியில் இப்படி மாட்டி வைக்கிறேன். உங்கள் முழங்காலில் இடிக்காதே? சன்னலைத் திறந்தே வையுங்கள், நல்ல காற்று. மலையைப் பாருங்கள், அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்கிறது. என்ன சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமாம், கல் ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்று...

இருங்கள்.

உங்களுக்குக் கேட்டதா?

இப்போது. இருங்கள், பேசாதீர்கள்.

கேட்டதல்லவா. டக்டக். அந்தக் கிண்.

பைமேல் கையை வைக்கிறேன். சத்தம் இல்லை. எடுக்கிறேன். கேளுங்கள். மறுபடி வைக்கிறேன். இல்லை. எடுக்கிறேன்.

அந்தக் கம்பியைப் பிடித்துப் பாருங்கள் சார், பை தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில். கை அதிர்கிறதா?

அதிர்கிறது.

இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறேன்.

ரயில் போய்விட்டது. எஞ்சினைப் போட்டுவிட்டான். இனிமேல் கேட்காது.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். சத்தம் இருந்ததா, இல்லையா? உங்கள் காதால் கேட்டீர்களா, இல்லையா? அவ்வளவுதான் எனக்கு வேண்டும். இல்லாததை நான் சொல்லவில்லை. காதில் கோளாறு என்றார்கள், ஆளில்லாத மில்லில் நின்று மூளை கலங்கிவிட்டது என்றார்கள். நீங்கள் யாரோ, நான் யாரோ. நீங்களே கேட்டிருக்கிறீர்கள். எங்கிருந்து வந்தது என்பது வேறு விஷயம். அதை நான் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஐயாத்துரை காலில் விழுவேன் என்று நினைத்தால் அது நடக்காது. அவன் எனக்கு இளையவன். அண்ணன் தம்பியிடம் போய் என்னவென்று சொல்வது? சொன்னால் அவன் சிரிப்பான். அவன் சிரிக்கிறதுதான் எனக்கு... அவன் சிரிக்கக்கூட மாட்டான். அதுதான் சங்கடம். சரிண்ணே, சாப்பிட்டியளா என்று கேட்பான். அவனை எனக்குத் தெரியும்.

இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. மண்டபம் அதோ, வாழை கட்டியிருக்கிறது பாருங்கள். வாசலில் பச்சைப் புடவை. உலகம்மாள் மாதிரி இருக்கிறது. அவளாக இருக்காது. வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு என்ன தலையெழுத்து.

வேட்டிப் பையை எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் காலை நகர்த்துங்கள். வருகிறேன் சார். பேச்சுத்துணைக்கு இருந்தீர்கள்.

எந்தப் பை?

கம்பியில் தொங்குவதா? அது என்னுடையது இல்லை. நான் ஏறும்போதே அங்கே இருந்தது. பெயர் போட்டிருக்கிறதா? நன்றாகப் பாருங்கள், இரண்டு பெயர் போட்டிருக்கும். அண்ணன் பெயர் ஒன்று, தம்பி பெயர் ஒன்று. யாருடையது என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. கண்டக்டரைக் கூப்பிடாதீர்கள். அதையும் தூக்கிக்கொண்டு நான் எப்படி உள்ளே போவது? தாலி எடுத்துக் கொடுக்க இரண்டு கையும் வேண்டும் சார்.

மதுரை வரைக்கும் உங்களோடு வரட்டும். காற்று இருக்கும். அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள், போதும்.